தையல்நாயகியின் முழுக்கு

ஐப்பசி முழுக்கு முடிந்து, கூட்டமெல்லாம் வடிந்து, கார்த்திகை பிறந்த காலையில்தான் தையல்நாயகி தன் மகன் அமுதோடு காவிரிப் படித்துறைக்கு வருவாள். கூட்டம் என்றால் அமுதுக்கு ஆகாது. மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவான். பிந்தி வருகிறவர்களுக்கென்று காவிரி ஒரு நாள் கூடுதலாகப் புண்ணியம் வைத்திருக்கிறாள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அது தனக்காகவே வைத்த நாள் என்று அவள் நம்பினாள்.

அமுது தாடி முளைத்த ஆண்பிள்ளை. பேச்சு வராது. சோறு ஊட்ட வேண்டும், கால் கழுவிவிட வேண்டும். வெளியே வந்தால் அம்மாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். விட்டால் ஓடுவான்; எங்கே என்று அவனுக்கே தெரியாது. ஆகவே ஆற்றுக்கு வந்தும் அவளுக்கு ஒற்றைக் கைக் குளியல்தான். கடைசிப் படியில் உட்கார்ந்து செம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வாள்.

கலியாணத்துக்கு முன்னால் இதே ஆற்றை நீந்திக் கடந்து, அக்கரையில் நாவல்பழம் பொறுக்கி வந்தவள் அவள். இப்போது ஒரே ஒரு முழுக்குக்கு ஏங்கிக் கிடந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொள்ளுமே, அந்த ஒரு நொடிக்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இவளுக்கு ஆற்றில் ஆட்டம் கேட்கிறதா என்பார்கள்.

மற்றபடி ஊரில் அவளுக்கு நல்ல பெயர். "நீ மனுஷியே இல்ல தையலு, தெய்வம்" என்பார்கள். நல்ல யோசனைதான். மனுஷி என்றால் மாற்றிப் பிடிக்க ஒரு கை கொடுக்க வேண்டும். தெய்வம் என்றால் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

படித்துறைக்கு மேலே ஒரு கொட்டகையில் சாமியம்மா இருந்தாள். தையல்நாயகியைவிடப் பத்து வயசாவது சின்னவள். சிஷ்யை அக்கா, குரு தங்கச்சி, அப்படி ஒரு வேடிக்கை. வெள்ளிக்கிழமை தவறாமல் தையல்நாயகி மகனோடு போய் எதிரே உட்காருவாள். கேட்பது ஒரே கேள்விதான்.

"அம்மா, எனக்கப்புறம் இவனை யாரு பாப்பாங்க?"

சாமியம்மா பதிலுக்கு விபூதி தருவாள்.

அன்று காலை சாமியம்மா குளித்துவிட்டுப் படியேறிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் தையல்நாயகிக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"எத்தனை நாளா கேக்கறேன். தெரியாட்டி தெரியாதுன்னாவது சொல்லுங்களேன்."

"தெரியாதுக்கா."

தையல்நாயகிக்கு இதற்கா இத்தனை வெள்ளிக்கிழமை நடந்தோம் என்று இருந்தது.

சாமியம்மா அவள் தலையைப் பார்த்தாள். உச்சி மட்டும் நனைந்திருந்தது. பின்னல் காய்ந்தே கிடந்தது.

"முழுக்குப் போடலியா?"

"எப்படிப் போடறது? கை இவன்கிட்டல்ல இருக்கு."

"என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"யாருகிட்டயும் இருக்க மாட்டாம்மா. ஒருதரம் என் தம்பிகிட்ட விட்டேன். இவன் அவனை அடிச்சுப்புட்டான்."

"தம்பி அப்புறம் வரலியா?"

"வந்தான். நான்தான் வேணாம்னுட்டேன்."

சாமியம்மா கிட்டே வந்து அமுதின் இன்னொரு கையைப் பிடித்தாள். அவன் அலறிக்கொண்டு உதறினான். அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த உத்திராட்சத்தை இழுத்தான். கயிறு அறுந்து, மணிகள் படிப்படியாகத் துள்ளி ஆற்றில் விழுந்தன.

தையல்நாயகி எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். "ஐயோ, உங்க குருநாதர் கட்டிவிட்டதாச்சே."

"மணிக்கட்டு இப்பத்தான் காலியாச்சு. எப்படிப் பிடிக்கணும், சொல்லுங்க."

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கைக்குத் தெரிந்தது சட்டென்று வாய்க்கு வரவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"நாம பிடிக்கக் கூடாதும்மா. அவன்தான் நம்மளப் பிடிக்கணும். கையை நீட்டிட்டு சும்மா நிக்கணும். மூஞ்சியப் பாக்கக் கூடாது. அவன் முனகுனா நாமளும் அதே மாதிரி முனகணும்."

சாமியம்மா கையை நீட்டிவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலை வெயில் ஒரு படி கீழே வந்தது. அமுது முனகினான். அவளும் முனகினாள். அவன் கொஞ்சம் உரக்க முனகினான். அவளும் உரக்க முனகினாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவன் விரல்கள் வந்து அவள் மணிக்கட்டைப் பற்றின.

தையல்நாயகி தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். மணிக்கட்டில் விரல் தடம் இருந்தது. முழங்கால் வரை இறங்கினாள். இடுப்பு வரை இறங்கினாள். திரும்பிப் பார்த்தாள்.

"போங்கக்கா."

ஒரு முழுக்குப் போட்டாள். போட்ட வேகத்தில் எழுந்தாள். அமுது அலறிக்கொண்டிருந்தான். சாமியம்மாவின் கன்னம் சிவந்திருந்தது, அடி விழுந்திருக்கிறது. தையல்நாயகி அரக்கப்பரக்கக் கரைக்கு வரப் பார்த்தாள்.

"ஏறாதீங்க. நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கல."

தையல்நாயகி மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள். தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. சத்தமே இல்லை. இடது கை பாட்டுக்குத் தண்ணீரில் மிதந்தது. அது தன் கைதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது. மூச்சு முட்டுகிறவரை உள்ளேயே இருந்தாள்.

எழுந்து பார்த்தபோது இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அமுது சாமியம்மாவின் மணிக்கட்டை விடவில்லை. மெதுவாக முனகிக்கொண்டிருந்தான். சாமியம்மாவும் முனகிக்கொண்டிருந்தாள்.

தையல்நாயகி பின்னலில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். உடனே கையை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். இந்தத் தடவை கோபம் இல்லை.

"எனக்கப்புறம் இவனை யாரும்மா பாப்பாங்க?"

"நாளைக்கும் முழுக வாங்கக்கா" என்றாள் சாமியம்மா. "வரும்போது உங்க தம்பியையும் கூட்டிட்டு வாங்க. அவரும் முனகிப் பழகட்டும்."