ஹோல்புரூக் சட்டம்

அமெரிக்காவின் மேற்கே ஒரு மாநிலம். அதன் சட்டமன்றத்துக்கு ஐந்து முறை தேர்வானவர் வக்கீல் டொலோரஸ் கின்டானா. அவருக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் ஹென்ஸ்லி. கோதுமை விவசாயி, புது உறுப்பினர், குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். கற்றுக்கொள்ள வெட்கப்படாத மனிதர்.

அன்று மதியம் ஹென்ஸ்லி கொதித்துப்போய் வந்தார்.

"மேடம், வாடகை வீட்டுக் கிணத்துத் தண்ணியை வருஷாவருஷம் சோதிக்கணும்னு மசோதா எழுதினேனே, அதுல என் பேரை எடுத்துட்டு பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பேரைப் போடணுமாம். நாலு மணிக்குள்ள சம்மதிச்சா நாளைக்கே நிறைவேறுமாம். இல்லேன்னா குப்பைத்தொட்டிதான். பெத்தது நான், பேர் அவருக்கா?"

கின்டானா கோட்டை மாட்டிக்கொண்டார்.

"மசோதாவை எடுத்துட்டு வாங்க."

எதிரே மாவட்ட நீதிமன்றம். இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு. கூண்டில் ஒரு பெரியவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மொழி எது? மொழிபெயர்ப்பாளர் வேணுமா? செலவு அரசாங்கத்துது" என்று கேட்டார் குமாஸ்தா.

மொழிபெயர்ப்பாளர் வந்தார். பெரியவர் வாய் திறந்து பேசினார். நீதிபதி காதுகொடுத்துக் கேட்டு, ஆறு மாதம் அவகாசம் தந்தார்.

"ஹோல்புரூக் சட்டம்!" என்றார் ஹென்ஸ்லி. "கோர்ட்டுல இப்படிக் கேட்டே ஆகணும்னு, அப்போ கட்சித் தலைவரா இருந்த அந்த மனுஷன் ஒரு சட்டம் போட்டாலும் உருப்படியா போட்டாரு."

"எழுதினது நான்."

ஹென்ஸ்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஹோல்புரூக் பேர் போட்டாத்தான் நிறைவேறும்னாங்க. போட்டுக் குடுத்தேன்."

"வலிக்கலையா?"

"ஒரு வாரம் சோறு இறங்கலை."

"அப்புறம் இதுல உங்களுக்குன்னு என்னதான் மிஞ்சிச்சு?"

அடுத்த வழக்கு அழைக்கப்பட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கூண்டேறினாள். குமாஸ்தா அதே கேள்வியைக் கேட்டார். கின்டானா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் அவ்வளவு பெருமையை ஹென்ஸ்லி தேர்தல் வெற்றியன்றுகூடப் பார்த்ததில்லை.

"இதே கூண்டுல எங்கப்பா நின்னாரு. ஒரு வார்த்தை புரியலை, கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினாரு. வீடு போச்சு. எனக்கு அப்போ பத்து வயசு, இந்த பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன்."

அவர் குமாஸ்தாவைக் காட்டினார்.

"எங்கப்பாகிட்ட யாரும் கேட்காத கேள்வி அது. வாரம் ஒருதரம் வந்து காதால கேட்டுட்டுப் போறேன்."

ஹென்ஸ்லி மசோதாவை மடியில் விரித்து, தன் பேரை அடிக்க, கின்டானாவிடம் பேனாவுக்காகக் கை நீட்டினார்.