கொசுவம் பிடிக்க ஒருத்தி

"யாருக்கு நான் என்ன குறை வச்சேன், சொல்லுங்க?" என்றாள் செண்பகவல்லி.

எதிரே உட்கார்ந்திருந்தவள் ஆசிரமத் தலைவி அம்பிகை. வந்தவளுக்கு நாற்பத்தெட்டு. தலைவிக்கு அதைவிடப் பத்து வயது குறைவு. சின்னவளிடம் வந்து யோசனை கேட்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் வேறு செண்பகவல்லிக்கு.

"தெருவில யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் ரசம் கொண்டுபோய்க் கொடுக்கிறவ நான். இங்கே வந்தும் சும்மா இருந்தேனா? பக்கத்து அறை குருவம்மாளுக்குக் கஷாயம் வச்சுக் கொடுத்தேன். அவ என்னைப் பார்த்தாலே அந்தப் பக்கம் திரும்பிப் போறா. மகளும் கல்யாணமாகிப் போயிட்டா. மனசுவிட்டுப் பேச ஒருத்தி இல்லை. இந்த வயசுல சிநேகிதம் அமையாதுன்னா அமையாதுன்னு சொல்லிடுங்க. நாளைக்கே பஸ் ஏறிடறேன்."

"குருவம்மாகிட்ட நீங்க என்ன கேட்டீங்க, அக்கா?"

"நானா? நான் எதுக்குக் கேட்கணும்? யார்கிட்டயும் கை நீட்டிப் பழக்கமில்லை எனக்கு."

"இப்ப நீட்டுங்க."

நீட்டினாள்.

வளையலில் கோத்திருந்த ஊக்குகளை அம்பிகை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைத்திருந்த ஒரு பருத்திப் புடவையை எடுத்துக் கொடுத்தாள்.

"காலைப் பிரார்த்தனையில முதல் பாட்டு நீங்கதான். இதைக் கட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் பஸ் ஏறலாம்."

"இதுதான் பதிலா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள்.

விடிந்தது.

வழவழவென்ற புடவையையே கட்டிப் பழகியவள். ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கம் குடையாக விரிந்தது. செருகினால் வயிற்றில் ஒரு கூடை. குனிந்து கீழே இழுத்தால் மேலே அவிழ்ந்தது.

முதல் மணி அடித்துவிட்டது.

கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, பக்கத்து அறைக் கதவை முழங்கையால் இடித்தாள்.

குருவம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம்... கீழே பிடிச்சு விடறீங்களா?" இதைச் சொல்வதற்குள் செண்பகவல்லிக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

"ஐயையோ! உங்களுக்குக்கூடப் புடவை கட்ட வராதா?" குருவம்மாளின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"சிரிக்காதீங்க. மணி அடிச்சிருச்சு."

குருவம்மாள் மண்டியிட்டு மடிப்பு மடிப்பாக நீவினாள். "மூச்சை உள்ளே இழுங்க."

"இழுத்துட்டேன்."

"இதுதான் இழுத்ததா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் கொசுவம் மொத்தமும் சரிந்தது. மறுபடி மடித்தார்கள். இந்தத் தடவை கத்தி மாதிரி நின்றது.

குருவம்மாள் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் தலை பூரா பேன். இந்த வயசுல போய் யாரைப் பார்க்கச் சொல்றது?"

இரண்டாம் மணி அடித்தது. கூடத்தில் எல்லோரும் முதல் பாட்டுக்குக் காத்திருப்பார்கள்.

செண்பகவல்லி அந்தக் கொசுவத்தோடு அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பேன் சீப்பை எடுத்துட்டு வா."