சனிக்கிழமை நாலு மணிக் கட்டம்

விடை தெரிந்துவிட்டது என்று பாதியிலேயே கையைத் தூக்குகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இதுவரை இந்தக் கதையைக் கேட்ட ஏழு பேரில் ஆறு பேர் அப்படித்தான் தூக்கினார்கள். ஆறும் தப்பு.

பாளையங்கோட்டையில் பொன்சிங் என்று ஒரு மாணவர் ஊழியர். விடுதி விடுதியாகப் போய்ப் பிள்ளைகளோடு வேதம் வாசிப்பதும், ஜெபிப்பதும், காதல் தோல்வி முதல் அரியர் வரை காது கொடுத்துக் கேட்பதும்தான் அவருக்கு வேலை. தங்கமான மனுஷன். ஒரே குறை, 'முடியாது' என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது.

அவர் மகள் ஷெரினுக்கு ஒன்பது வயது, திக்கித் திக்கித்தான் பேசுவாள். அந்த வருஷம் சபையில் வேத வசனம் ஒப்பிக்கும் போட்டிக்குத் துணிந்து பேர் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை நாலரை மணிக்குப் போட்டி. "அப்பா, நீங்க முன்வரிசையில இருக்கணும். உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு வார்த்தை வந்துரும்" என்றாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அதே வாரம்தான் அவர் ஊழியம் செய்யும் மாணவர் ஐக்கியத்தில் சங்கிலி ஜெபம். பரீட்சைக்கு முன்னால் மூன்று நாள், இரவும் பகலும், ஜெப அறையில் ஓர் ஆளாவது முழங்காலில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். அடுத்தவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் முந்தினவர் எழுந்திருக்கலாம். கதவில் ஒட்டிய அட்டவணையில் அவரவருக்குத் தோதான கட்டத்தில் பேர் எழுதிக்கொள்வார்கள்.

புதன்கிழமை பொன்சிங் வந்து பார்த்தபோது சனிக்கிழமை நாலு மணியும் ஐந்து மணியும் மட்டும் காலி. காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்குமா? நாலு மணியில் தன் பேரை எழுதிவிட்டார்.

மறுநாள் ஐக்கியத்தின் செயலாளர் ஆசீர் வந்தான். சனிக்கிழமை அவனுக்கு மூன்றரைக்கு லேப் முடிந்துவிடும், நாலு மணிதான் வசதி. அதில் பொன்சிங் அண்ணன் பேர் இருந்ததால் ஐந்து மணியில் எழுதிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை வீட்டில் பொன்சிங்கின் மனைவி நளினா கேட்டாள்: "சனிக்கிழமை ஞாபகம் இருக்குல்லா?"

"நாலு மணிக்கு ஜெபத்துக்கும் பேர் குடுத்திருக்கேன். பாத்துக்கிடலாம், ஆண்டவர் வழி திறப்பாரு."

இந்தப் பதிலை நளினா கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பொன்சிங் முழங்காலிட்டார். வழி ஒன்றும் திறக்கவில்லை. நாலு பத்துக்கு நளினா போன் செய்தாள். "ஏங்க, இவ சபை வாசல்லயே நிக்கா. நீங்க வராம உள்ள வரமாட்டாளாம். அழுதுருவா போலிருக்கு."

நாலு மாணவர்களுக்குப் போன் அடித்துப் பார்த்தார். மூன்று பேர் எடுக்கவில்லை. ஆசீர் அசதியில் போனை அணைத்துவிட்டு விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தான். பொன்சிங் எழுந்தார். விளக்கையும் விரித்த வேதாகமத்தையும் அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

ஷெரின் மேடை ஏறினாள். மூன்று வசனம் சொன்னாள், நாலாவதில் நின்றுபோனாள். பரிசு இல்லை. ஆனாலும் இறங்கி வந்தபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொன்சிங் கூட்டத்தின் நடுவிலேயே அழுதுவிட்டார்.

ஐந்து மணிக்கு ஆசீர் வந்தபோது, தொடுவதற்குத் தோள் இல்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவன் நேரே பொன்சிங் வீட்டுக்கு வந்தான். "ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் பிள்ளைங்க எந்திரிச்சு வந்து காத்த சங்கிலிண்ணே. நீங்களே அறுத்துட்டீங்களே."

"அறுக்கல தம்பி. அந்த முன்வரிசையில மிச்ச நேரமும் ஜெபத்துலதான் இருந்தேன்" என்றார் பொன்சிங்.

நளினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அறுந்தா அறுந்துட்டுப் போகுது. பெத்த பிள்ளைய வாசல்ல நிறுத்திட்டு என்ன ஜெபம்?"

அன்று அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த என்னிடம் மூவரும் வழக்கைக் கொண்டுவந்தார்கள். இப்போது உங்களிடம் தருகிறேன். சங்கிலி அறுந்ததா? அறுந்தது என்றால், எப்போது அறுந்தது?

*

அறுந்தது. ஆனால் சனிக்கிழமை இல்லை, புதன்கிழமை. மகளுக்குக் கொடுத்துவிட்ட நேரத்தைப் பொன்சிங் இரண்டாம் முறையும் கொடுத்தார். அவர் பேர் இருந்தும் அந்தக் கட்டம் காலிதான். அதைக் காலியாகவே விட்டிருந்தால் ஆசீர் நாலு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பான். ஐந்து மணிக்கு இன்னொருவர் கிடைத்திருப்பார். எழுந்து போனது தப்பே இல்லை, எழுதியதுதான் தப்பு.

இதைச் சொன்னதும் ஆசீர் தலையை ஆட்டினான். நளினா உள்ளே போய் அடுப்படிக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு வியாழக்கிழமையிலும் 'வீட்டில்' என்று பொன்சிங்கின் கையெழுத்து. ஒரு வியாழக்கிழமைகூட அவர் வீட்டில் இருந்ததில்லை. பொன்சிங் பேனாவை வாங்கி, வரப்போகிற வியாழக்கிழமைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அந்த வியாழக்கிழமை அவர் வீட்டில் இருந்தார்.