கொம்பன் நாயை அழைத்த விதம்

ஒரு காட்டில், மலைச் சரிவு இறங்கி முடிகிற இடத்தில், மான் கூட்டம் ஒன்று நாயைக் காவலுக்கு வைத்திருந்தது. ஆட்டு மந்தையோடு வந்து வழிதவறிய நாய் அது. பெயர் கருவாலன். நரிகளின் வாடையைத் தொலைவிலேயே பிடித்துவிடும். குரைத்தால் காடே கேட்கும். குறை ஒன்றுதான். ஓணானைக் கண்டால் காவலை மறந்து அதன் பின்னால் ஓடிவிடும்.

கூட்டத்தின் தலைவன் கொம்பன் என்னும் ஆண்மான். அது முன்கோபி. நாய் ஓடும்போதெல்லாம் நின்ற இடத்திலிருந்தே அழைக்கும். கருவாலனும் ஓணானை விட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். வந்ததும் கொம்பன் தலையைத் தாழ்த்தி அதன் விலாவில் முட்டும்.

"கூப்பிட்டு எவ்வளவு நேரமாகிறது? இதுதான் வருகிற நேரமா?"

மறுமுறை நாய் மெதுவாக வந்தது. முட்டு பலமாக விழுந்தது. அடுத்து, கொம்பு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டது. பிறகு சூரைப் புதருக்கு அப்பால் படுத்துக்கொண்டு, வருவதையே விட்டுவிட்டது.

இதை ஒரு நரி பார்த்துக்கொண்டிருந்தது. செம்பி என்னும் பெண்மான் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. நரியின் கண் அந்தக் குட்டியின் மேல். அது ஒரு காடை எலும்பைக் கவ்விவந்து, குரைக்க வாயெடுத்த நாயின் முன்னால் போட்டது.

"அவர் கூப்பிட்டும் நீ போகவில்லை பார், நல்ல பிள்ளை. போனால் கொம்பு, இருந்தால் எலும்பு. எது நல்லது என்று நான் சொல்லவா வேண்டும், தம்பி?"

அதன்பின் கொம்பன் அழைக்கும்போதெல்லாம் நாய் அசையாமல் கிடந்தது. நரியும் தவறாமல் எலும்பு கொடுத்தது.

செம்பிக்குக் கவலை வந்தது. நாய் வந்தால் ஒரு பனம்பழமாவது கொடுக்கலாமே என்று கொம்பனிடம் கேட்டது. கொம்பன் சிரித்தது. காவல் காப்பது நாயின் வேலை, அதற்குத் தாலாட்டுப் பாடத் தான் அதன் தாயில்லை என்றது.

"அண்ணா, ஓடும்போது நீங்கள் அவனை முட்டவில்லை. வந்த பிறகுதான் முட்டுகிறீர்கள். வந்ததற்குத்தான் அடி என்று அவன் நினைக்கமாட்டானா?"

கொம்பன் மேயப் போய்விட்டது.

ஒரு மாலையில் அந்த நரி தன் கூட்டாளிகளோடு வந்து செம்பியையும் குட்டியையும் ஒரு பாறையோரம் வளைத்துக்கொண்டது. கொம்பன் ஒரு நரியை விரட்டினால் மற்றொன்று குட்டியிடம் பாய்ந்தது. கொம்பன் நாயை அழைத்தது. புதருக்கு அப்பால் காதுகள் நிமிர்ந்தன; உடல் எழவில்லை. கொம்பன் தலையைத் தாழ்த்திக் கத்தியது. நாய் இன்னும் பின்னால் நகர்ந்தது.

"இன்னும் சத்தமாகக் கூப்பிடுங்கள், தலைவரே. இன்னும் தூரம் போவான்" என்றது நரி.

அதற்குள் ஒரு நரி குட்டியின் பின்னங்காலைக் கடித்துவிட்டது. செம்பி அதை உதைத்துத் தள்ளி, குட்டியைத் தன் வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டது.

கொம்பன் பாறையை விட்டுப் புதரருகே ஓடியது. முன்னங்கால்களை மடித்துத் தரையில் உட்கார்ந்து, கொம்புகளை முதுகுப்பக்கம் சாய்த்துக்கொண்டது. குரலைத் தணித்து அழைத்தது.

"கருவாலா, வாப்பா."

நாய் ஓரடி வைத்தது.

"ஆமாம். அப்படித்தான். நல்லவன்."

இன்னும் ஓரடி வைத்தது. கொம்பன் அசையவில்லை. நாய் அருகே வந்ததும் அதன் காதை நக்கிக்கொடுத்தது. கருவாலனின் வால் ஆடியது. அடுத்த நொடி அது பாறையை நோக்கிப் பாய்ந்தது. அதன் குரைப்பைக் கேட்டு நரிகள் சிதறி ஓடின.

குட்டி அந்த மழைக்காலம் முழுவதும் நொண்டியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கொம்பன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் நாய் வரும்போதெல்லாம் பழமோ, ஒரு நல்ல வார்த்தையோ கொடுத்தது. நாயும் வரவர வேகமாக வந்தது.

ஒருநாள் ஒரு பெரிய ஓணானைத் துரத்திப் போன கருவாலன் வெகுநேரம் கழித்துத் திரும்பியது. கொம்பனின் கழுத்து விறைத்தது. தலை சற்றே தாழ்ந்தது. நாய் நின்றுவிட்டது.

கொம்பன் மெல்லத் தலையை நிமிர்த்தி, காலடியில் கிடந்த பனம்பழத்தை நாயின் பக்கம் உருட்டிவிட்டது.

நீதி: வந்தவரைத் தண்டித்தால் வருவது நின்றுபோகும், வந்ததைப் பாராட்டினால் வருவது பழக்கமாகும்.