பங்குனி உத்திரத்தன்று காலியான ஊர்

வெகு காலத்துக்கு முன்னால் மருதூர் நாட்டைச் செங்கதிர்ராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் புத்தி ஒரு நிலையில் நிற்காது. காலையில் பல்லக்குப் பரிசு கொடுத்தவரைச் சாயங்காலம் வெறுங்காலோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அந்த ஊர் ஏரிக்கரையில் நெசவாளர் தெரு ஒன்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் கடற்கரையில் தங்கள் ஊரை மணல் மூடிவிட, தறிக்கட்டைகளைத் தலையில் சுமந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தலைவி ஆவுடைச்சி. அவள் நெய்துகொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு ராஜா மூன்று நாள் சபையில் அதையே புகழ்ந்துகொண்டிருந்தார். அரண்மனைக் காரியங்களைப் பார்த்துவந்த பூபாலருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. கிணற்றடியில் தினமும் அடிதடி. எல்லாம் இந்த வந்தேறிகளால்தான். ஆதியிலிருந்து இங்கேயே இருக்கிற நாமெல்லாம் எங்கே போவது?" என்றார்.

"அப்படியா? வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பங்குனி முடிவதற்குள் ஊரைவிட்டுப் போகட்டும்," என்றார் ராஜா. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். அன்றைக்கே தண்டோரா போட்டாயிற்று.

ஆவுடைச்சி சபைக்கு வந்து நின்றாள். திரும்பிப் போக அவர்களுக்கு ஊர் கிடையாது. ஆனாலும் அவள் அழவில்லை.

"மகராசா, உத்தரவு போட்டுட்டீக, கேட்டுக்கிடுதோம். ஆனா யாரு வந்தவுக, யாரு இருந்தவுகன்னு எப்படிக் கண்டுபிடிப்பீக?"

"கேட்டால் சொல்லிவிடுவார்கள்," என்றார் பூபாலர்.

"பொய் சொன்னா? ஐயா, மனுசன் அரமனைக்குப் பயப்படாம இருந்துருவான், குலசாமிக்குப் பயப்படாம இருக்க மாட்டான். பங்குனி உத்திரத்துக்கு அவுகவுக குலசாமியத் தேடிப் போவாகள்லா? நாலு வாசல்லயும் காவல் போடுங்க. வாசலத் தாண்டிப் போனா வந்தவுக. தாண்டாதவுக இந்த ஊர்க்காரவுக. அதுக்கு அப்புறம் யாரை வேணும்னாலும் அனுப்புங்க."

ராஜாவுக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. "பூபாலரே, என்ன சொல்கிறீர்?"

"இதைவிட நியாயமான சோதனை உண்டா," என்று பூபாலர் முந்திக்கொண்டு தலையாட்டினார். தன் குலசாமி எங்கே இருக்கிறது என்று யோசிக்க அவருக்கு அப்போது நேரமில்லை.

உத்திரத்தன்று காலையில் ராஜா கிழக்குவாசல் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தார். முதலில் பத்து வண்டிகள் போயின. பிறகு தெரு தெருவாகக் கிளம்பினார்கள். பொங்கல் பானையும் கரும்புமாகப் பெண்கள், தோளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்ட ஆண்கள், கட்டிலோடு தூக்கிவரப்பட்ட கிழவர்கள். நாலு வாசலிலும் புழுதி எழுந்தது. காவலர்கள் ஒவ்வொருவரிடமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் தேரிக்காடு என்றார், ஒருவர் மலையடிவாரம் என்றார். மிளகு வியாபாரி கணவாய்க்கு அந்தப் பக்கம் என்றார். துறைமுகத்தில் தோணி காத்திருக்கிறது, கடலுக்கு அப்பால் போக வேண்டும் என்று சொன்ன குடும்பமும் இருந்தது.

ராஜா எழுந்து கோபுரத்து விளிம்புக்கு வந்து பார்த்தார். ஒரே ஊரை ஆள்வதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். அதற்குள் இத்தனை ஊர்கள் இருந்தது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு மெய்சிலிர்த்தது.

அப்போது வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. காவலன் ஈட்டியால் லேசாகக் குத்திப் பார்த்தான். வைக்கோல் "ஐயோ" என்றது. உள்ளேயிருந்து பூபாலர் எழுந்தார்.

"பேரனுக்கு முடியிறக்கணும், மகாராஜா. நேர்த்திக்கடன். எங்கள் சாஸ்தா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறார். போகாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது," என்று கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

ராஜா சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் படியேறி வந்த ராணி, "வண்டி பூட்டியாச்சு, புறப்படலாமா? நம்ம சாமிக்கு வருஷா வருஷம் பூசாரி கையில் கொடுத்தனுப்பினது போதும். இந்த வருஷமாவது நாமே போவோம்," என்றாள். ராஜாவின் குலசாமி இருந்தது பக்கத்து நாட்டில். அவருடைய முப்பாட்டனார் அங்கிருந்துதான் வாளும் கையுமாக வந்திருந்தார்.

வாசலில் காவலன் குனிந்து கும்பிட்டுவிட்டு மறித்தான். "தாண்டுறவங்க பேரைக் கேட்கச் சொல்லி உத்தரவு."

"செங்கதிர்ராயன்," என்று சொல்லிவிட்டு ராஜா தாண்டினார்.

அங்கே கோயிலில் பக்கத்து நாட்டு மனிதர்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எந்த நாட்டின் மேல் வருஷா வருஷம் படையெடுக்கத் துடித்தாரோ அந்த நாட்டுக்காரர்கள். "வாங்க பங்காளி" என்று இலை போட்டார்கள். ராஜா சாப்பிட்டார், ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று அவருக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது வாசலில் தண்ணீர்ப் பானைகளோடு நெசவாளர் தெரு முழுவதும் நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் மோந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜா காவலனைக் கேட்டார். இந்தத் தெருவில் ஒருவர்கூடத் தாண்டவில்லை என்றான்.

"நீங்கள் ஏன் போகவில்லை ஆவுடைச்சி?"

"எங்க கோயிலும் மணலுக்குள்ள போயிட்டு, மகராசா. கெளம்புத அன்னைக்கு அங்கேருந்து ஒரு பிடி மண்ணு எடுத்து மடியில கட்டிட்டு வந்தோம். அத ஏரிக்கரையில வச்சுத்தான் கும்பிடுதோம். எங்க சாமியே இங்க குடிவந்துட்டாரு. நாங்க எங்க போக?"

ராஜா வண்டியைவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் புழுதி படிந்த ஊர் முழுவதும் வந்து நின்றுகொண்டிருந்தது.

"சோதனைப்படி பார்த்தால் நீங்கள்தான் இந்த ஊர்க்காரர்கள். நாங்கள் அத்தனை பேரும் வந்தவர்கள். உத்தரவு போட்டவனும் நான்தான், மீறக்கூடாது," என்றார். "எங்களை இங்கே இருக்க விடுவாயா, தாயே?"

"இருங்க மகராசா," என்றாள் ஆவுடைச்சி. "ஏரியில தண்ணி கெடக்கு."

கூட்டத்தில் தலைகுனிந்து நின்ற பூபாலரை அவள் பார்த்தாள். செம்பில் தண்ணீர் மோந்து அவரிடமும் நீட்டினாள்.