அரையும் அரையும் ஒரு வைத்தியன்

பூவாயிக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. அரண்மனை வைத்தியர் சர்வரோகநாதர் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். அவள் புருஷன் காத்தான், மலையில் வேர் தோண்டி அதே வைத்தியருக்குக் கொண்டுவந்து போடுகிறவன், ராஜாவிடம் பிராது கொடுத்தான்.

வைத்தியருக்குப் பொறுக்குமா? “வைத்தியம் தப்பென்று வைத்தியன்தான் சொல்லலாம். மற்றவன் சொன்னால் ஐம்பது கசையடி” என்று ராஜாவிடம் புதுச் சட்டமே வாங்கிவிட்டார். அந்த ராஜ்யத்தில் அவரைத் தவிர வேறு வைத்தியன் கிடையாது!

“நீ வைத்தியனாடா?” என்று சபையில் காத்தானைக் கேட்டார்.

“அரை வைத்தியன் சாமி. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்களே!”

“ஐயோ, ஆயிரம் பேரையா?” ராஜா பதறினார்.

வைத்தியர் சிரித்தார். “மூடனே, பழமொழியாவது ஒழுங்காகத் தெரியுமா? ஆயிரம் வேரைக் கண்டவன்தான் அரை வைத்தியன்!”

“சாமி வாயாலேயே வந்துவிட்டது. இருபது வருஷமாக உங்களுக்கு வேர் தோண்டுகிறது யார்?”

சபை கொல்லென்று சிரித்தது. வைத்தியர் விடவில்லை. “அரைதானே! சட்டத்துக்கு முழு வைத்தியன் வேண்டும்!”

“கூடவே தோண்டினவள் நான்” என்று பூவாயி முன்னே வந்தாள். “அவர் அரை, நான் அரை. கூட்டிக்கொள்ளுங்கள் மகாராஜா!” சொல்லிவிட்டு வாயை ஆவென்று திறந்தாள். சொத்தைப் பல் அப்படியே இருந்தது.

ராஜா மெல்லத் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “எனக்கும் ஒரு பல் ஆடுகிறதே! நாளைக்கு இவர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டால், தப்பென்று சொல்ல நான் எந்த அரையோடு போய்ச் சேர்வது?”

சட்ட ஓலையைக் கிழித்துப் போட்டார். அந்த ஐம்பது கசையடியை மட்டும் வீணாக்காமல் வைத்தியருக்கே கொடுத்தார்.