கைக்கு எட்டாத சுவிட்ச்

ஏற்காட்டு எஸ்டேட் முதலாளி வேதாசலத்தின் கை செய்கிற ஒரே வேலை, மீசையை முறுக்குவது. அவர் படுத்துக் குளிக்கப் புதிதாக ஒரு வெந்நீர்த் தொட்டி வாங்கினார். ஒயர்மேன் ஆரோக்கியம், தொட்டியிலிருந்து கை எட்டாத சுவரில் சுவிட்சைப் பொருத்தினான்.

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தொட்டிக்குள்ள படுத்துக்கிட்டே நான் சுவிட்ச் போடணும். பக்கத்துல மாத்து! இல்லேன்னா இந்த மலையில உனக்கு ஒரு வீட்டுலயும் வேலை கிடையாது."

"ஈரக் கையோட தொட்டா உசிரு போயிடுங்க."

"எனக்கே புத்தி சொல்றியா?"

"சரிங்க மொதலாளி, மாத்திடறேன். உங்க கைவாகு பார்க்கணும். இந்த ரூம் லைட்டை ஒரு தடவை நீங்களே போடுங்க."

முதலாளி கதவோரம் இருந்த போர்டில் ஒரு சுவிட்சைத் தட்டினார், ஃபேன் சுற்றியது. இன்னொன்றைத் தட்டினார், எங்கோ மோட்டார் உறுமியது. பொறுமை போய், வழக்கம்போலக் கத்தினார்: "டேய் பொன்னா, லைட்டைப் போடு!"

சமையல்காரப் பொன்னன் ஓடிவந்து ஒரே தட்டில் லைட்டைப் போட்டான். சத்தம் கேட்டு வந்த முதலாளியம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சுவிட்ச் அங்கேயே இருக்கட்டுங்க," என்றான் ஆரோக்கியம். "உங்க குரல் எட்டினாப் போதும். குரலுக்கு ஷாக் அடிக்காது."